மறைத்த கடனும் மனையறமும்

கடன் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே மிகச் சிலவே. வீடு கட்டக் கடன், பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கடன், தங்கையின் திருமணத்திற்குக் கடன் என்று ஏதேனும் ஒன்று இருந்துகொண்டேயிருக்கும். அதில் இழிவு ஒன்றுமில்லை. வாங்கியது இவ்வளவு என்பதை வீட்டார் அறிவர். மாதந்தோறும் கட்ட வேண்டியது இவ்வளவு என்பதும் அறிவர். அதற்கேற்பச் செலவு சுருங்கும். ஒருநாள் கடன் தீரும். நான் இங்கே எழுதப் புகுந்தது அவ்வகைக் கடனைப் பற்றியன்று. மனைவி அறியாமல் கணவனும், கணவன் அறியாமல் மனைவியும் படும் கடனைப் பற்றியே எழுதுகிறேன்.

வீட்டு விவகாரத்தைப் பொது இதழில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் சங்கத்து மாதர் கூட்டங்களில் சமையல் முதல் பிள்ளைகளின் தேர்வு வரை எல்லாவற்றையும் பேசுகிறோம். இதனை மட்டும் பேசுவதில்லை. பேசாமையினாலேயே ஒவ்வொரு பெண்ணும் இத்துன்பம் தன் வீட்டில் மட்டுமே நேர்ந்தது என்று எண்ணி உள்ளே குமைகிறாள். ஆதலால் எழுதத் துணிந்தேன். என் கணவரின் இசைவைப் பெற்றே எழுதுகிறேன். “எழுது. ஆனால் என்னை நல்லவனாகவும் காட்டாதே, கெட்டவனாகவும் காட்டாதே” என்றார் அவர். அவ்வாறே முயல்கிறேன்.

நாம் கடல் நடுவே வாழ்வது இத்தகைய கடனுக்கு நல்ல மறைவிடமாகிவிடுகிறது. சென்னைக்கும் நம் தலைநகருக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பலில் வந்தால் மூன்று நாட்கள் ஆகும். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்நகரை நம்மில் பலர் இன்னும் போர்ட் பிளேயர் என்றே வாய்ப்பழக்கத்தால் சொல்கிறோம். அக்கரையில் எழுதிக் கொடுத்த புரோநோட்டு இக்கரையிலுள்ள மனைவிக்குத் தெரியாது. இங்கே அபர்டீன் பஜாரில் வாங்கிய கைமாற்று ஊரிலுள்ள அண்ணனுக்குத் தெரியாது. ஊரிலேயே இருந்திருந்தால் கடன் கொடுத்தவர் ஒருநாள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்; மறைத்தது வெளிப்பட்டிருக்கும்.

மற்றொரு காரணமும் உண்டு. பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தவன், ஊருக்குத் திரும்பும்போது வெறுங்கையோடு போகக் கூசுகிறான். “அந்தமானில் இருக்கிறான்” என்றால் பணம் காய்க்கும் மரத்தடியில் இருக்கிறான் என்றே ஊரார் எண்ணுகின்றனர். தாய்மாமன் சீர், காதுகுத்து, கோயில் வரி, புதுமனை மொய் என்று ஒவ்வொன்றிலும் அவன் கை சற்று உயர்ந்தே இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்த உயரத்தை எட்ட அவன் எதன்மேல் ஏறி நிற்கிறான் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் கணவர் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கொத்தனாருக்குக் கையாளாக இத்தீவுக்கு வந்து, உழைப்பால் சிறு கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். மதுவோ சூதோ அறியாதவர். 2019ஆம் ஆண்டு என் நாத்தனார் மகளின் திருமணத்தில் தாய்மாமன் சீராக ஓர் இலட்சம் செலவாயிற்று என்று என்னிடம் சொன்னார். உண்மையில் ஊரில் தனியார் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு மூன்று இலட்சம் வாங்கியிருந்தார். மறு ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. வேலை நின்றது, ஆட்கள் ஊர் திரும்பினர், அக்கரையிலிருந்து வர வேண்டிய சாமான்கள் வரவில்லை, முடித்த வேலைக்கும் பணம் கைக்கு வரவில்லை. ஆட்களின் கூலிக்காக வங்கியில் நான்கு இலட்சம் வாங்கினார். சாமான் கடையில் பாக்கி ஏறிற்று. மாத வட்டி கட்டுவதற்காக, பீரோவில் இருந்த என் நகைகளில் பத்துப் பவுனை எடுத்து அடகு வைத்தார். அடகு வட்டிக்காகக் கைப்பேசிச் செயலிகளில் கடன் வாங்கினார். கடனைக் கடனால் அடைக்கத் தொடங்கியவன் கிணற்றுக்குள் நின்றுகொண்டே அதனை மேலும் தோண்டுகிறான் அல்லவா? அவ்வாறே ஆயிற்று.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளியில் உணவு இடைவேளையின்போது, முன்பின் அறியாத ஒருவன் என் கைப்பேசியில் அழைத்து என் கணவரின் பெயரைச் சொல்லி இழிசொற்களால் ஏசினான். அப்படித்தான் செய்தி எனக்குத் தெரிந்தது.

அன்றிரவு அவர் எல்லாவற்றையும் சொன்னார். “சொன்னால் நீ வருந்துவாய் என்றுதான் சொல்லவில்லை” என்றார். “இப்பொழுதும் வருந்தத்தானே செய்கிறேன்? மூன்று ஆண்டுகள் தாமதித்ததனால் அதற்கும் வட்டி ஏறிவிட்டது” என்றேன். பணம் போனதைவிட நகைதான் என்னைச் சுட்டது. என் தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பொன் அது. ஒவ்வொரு வளையலுக்கும் ஒரு வரலாறு உண்டு. பீரோவைத் திறந்த கை, என்னிடம் வாய் திறக்கவில்லையே என்ற நினைவு நெடுநாள் ஆறவில்லை.

ஊரில் இருக்கும் பெண் இத்தகைய நேரத்தில் பிறந்தகம் சென்று பத்து நாட்கள் இருந்து வருவாள். சினம் சற்றே தணியும். இங்கே பிறந்தகம் போக வேண்டுமானால் கப்பல் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஆகையால் அதே வீட்டில், அதே அடுப்பருகில், மூன்று நாட்கள் பேசாமல் இருந்தேன். நான்காம் நாள் ஒரு பெரிய தாளை எடுத்து அவர் முன் வைத்தேன்.

சிலப்பதிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, பொருளெல்லாம் தொலைத்து நாணத்தோடு திரும்பிய கோவலனுக்குச் சிலம்பைத் தர முன்வந்த கண்ணகியின் பெருந்தன்மையையே நாம் எடுத்துரைக்கிறோம். அது பெருந்தன்மைதான். ஆயினும் அக்கதையில் வேறொரு செய்தியும் இருக்கிறது. அவ்விருவரும் பெற்றோருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் விடியுமுன்னரே மதுரைக்குப் புறப்பட்டுவிட்டனர். மாசாத்துவானும் மாநாய்கனும் புகாரின் பெருவணிகர்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு கடை வைக்கவும் முதல் கிடைத்திருக்குமே! பொருளை இழந்தது ஒரு துன்பம். அதனை உதவக்கூடியவர்களிடமிருந்து மறைக்கச் செய்த நாணம் மற்றொரு துன்பம். இரண்டாவதே உயிரைக் கொண்டது என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகிறது.

மறைப்பது ஆண்களின் குற்றம் மட்டுமே என்று நான் சொல்ல மாட்டேன். நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சன் 1879ஆம் ஆண்டு எழுதிய ‘பொம்மை வீடு’ என்னும் நாடகத்தின் தலைவி நோரா, நோயுற்ற கணவனை வெப்ப நாட்டுக்கு அழைத்துச் சென்று காப்பாற்ற, அவன் அறியாமல் கடன் வாங்கியவள். இது வெறுங்கற்பனை அன்று. லாரா கீலர் என்னும் எழுத்தாளர், இப்சனுக்கு அறிமுகமானவர், காசநோயால் வருந்திய தம் கணவரைத் தென்னாட்டுக்கு அழைத்துச் செல்ல அவருக்குத் தெரியாமல் கடன் வாங்கினார். திருப்பிக் கட்ட வழியின்றிப் பொய்க் கையெழுத்து வரை போய்விட்டார். உண்மை வெளிப்பட்டபோது கணவர் அவரை மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார், பிள்ளைகளையும் பிரித்தார். சில காலத்திற்குப் பின்னர் அவரே மீண்டும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். தம் உயிரைக் காக்க வாங்கிய கடன் என்று தெரிந்தும், மானம் போயிற்றே என்பதுதான் அக்கணவருக்கு முதலில் பெரிதாகத் தோன்றிற்று. நம் வீடுகளிலும் கணவனுக்குத் தெரியாமல் சீட்டுப் பணம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிய பெண்கள் இல்லாமல் இல்லை. அன்பினால் மறைத்ததும் மறைத்ததே. ஆனால் அன்பினால் மறைத்தவரை வெளிப்பட்ட அன்றே தண்டித்துவிட்டால், அடுத்த முறை அவர் இன்னும் ஆழமாக மறைப்பார்.

இனித் தாளுக்கு வருவோம். கடன் ஒவ்வொன்றையும் அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். வங்கி 4,00,000, தனியார் 3,00,000, நகை அடகு 2,60,000, சாமான் கடை 1,20,000, செயலிகள் 60,000, ஆக மொத்தம் 11,40,000 ரூபாய். இதனை எழுதி முடித்ததும் அவர் முகத்தில் ஓர் அமைதி தெரிந்ததைக் கண்டேன். மூன்று ஆண்டுகளாக அவர் ஒருமுறையேனும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்ததில்லையாம். கூட்டாத தொகையே அஞ்சத்தக்கது. கூட்டிய தொகை ஒரு கணக்கு.

அடுத்ததாக ஒவ்வொன்றின் அருகிலும் ஆண்டு வட்டியை எழுதினோம். மூன்று வட்டி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 ரூபாய். மூன்று இலட்சத்திற்கு மாதம் 9,000, ஆண்டுக்கு 1,08,000. வங்கியின் நான்கு இலட்சத்திற்கோ நூற்றுக்குப் பதினொன்று வீதம் ஆண்டுக்கு 44,000தான். தொகையில் பெரியது வங்கிக் கடன். தீமையில் பெரியது தனியார் கடன். எந்தக் கடன் பெரியது என்று பார்க்காமல், எந்தக் கடன் விரைவாக வளர்கிறது என்று பார்த்து அதனை முதலில் வெட்ட வேண்டும். பெரும்பாலோர் யார் உரக்கக் கூவுகிறாரோ அவருக்கே முதலில் கொடுக்கின்றனர். அதுவே கடன் தீராமைக்குக் காரணம்.

தாள் முழுமையானதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். நாட்டில் கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்கள் நான்கு உள்ளன. மக்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் ‘சிபில்’ என்றே வழங்குகின்றனர். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் கொடுத்த கடன் அதில் தெரியும். கைமாற்றும் புரோநோட்டும் தெரியா. ஒருவரின் அறிக்கையை மற்றவர் மறைவாக எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இருவரும் ஒருங்கே அமர்ந்து இருவரின் அறிக்கைகளையும் எடுத்துப் படிப்பதே முறை.

இவ்விடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் பெண்கள் அறிந்திருத்தல் நலம். கணவன் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு, மனைவி என்பதனாலேயே ஒருத்தி பொறுப்பாளி ஆவதில்லை. கடன் பத்திரத்தில் உடன் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் நிலைமை வேறு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஒத்தது. ஆகையால் “சும்மா ஒரு கையெழுத்து” என்று ஒன்று உலகில் இல்லை. காசோலை திரும்பிவிட்டால் குற்ற வழக்கு வரும்; ஆனால் கூட்டுக் கணக்காயினும், காசோலையில் கையெழுத்திடாத மனைவியை அதில் குற்றவாளியாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. கடனாளி இறந்தால், வாரிசுகள் அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பு. தம் உழைப்பால் ஈட்டியதிலிருந்து கட்ட வேண்டியதில்லை. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. நம் தமிழர் பலர் வாழும் தென்னாப்பிரிக்காவில், தனி ஒப்பந்தம் எழுதாமல் மணந்துகொண்டவர்களுக்குச் சொத்தும் பொது, கடனும் பொது.

நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்ணுக்குப் பிறந்தகத்தார் தந்த சீதனம் அவளுக்கே உரியது என்பதை 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024இல் மீண்டும் ஒரு வழக்கில், கணவன் தன் இடுக்கண் காலத்தில் அதனைப் பயன்படுத்தினாலும், அதனையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் அறக்கடமை அவனுக்கு உண்டு என்று கூறியது. நீதிமன்றத்தில் பணத்தீர்ப்புப் பெற்ற கடன்காரரும் எல்லாவற்றையும் பறித்துவிட முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத தாலி போன்ற அணி, தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டம் காக்கிறது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் காக்கப்படுகின்றன. பணத்தீர்ப்புக்காக எந்தப் பெண்ணையும் சிறையில் அடைக்க முடியாது. நேர்மையாக இருந்தும் கட்ட இயலாத ஏழையைச் சிறையிலிடுவது முறையன்று என்றும் 1980இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் தீவில் அரசு ஊழியர் குடும்பங்கள் மிகுதி. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், ஊழியர் வழக்கமாகக் கடனாளியாக இருத்தலைக் கண்டிக்கின்றன. கடனுக்காக வழக்கு வந்தால் மேலிடத்திற்குத் தெரிவிக்கவும் சொல்கின்றன. எனவே வழக்கு வரும்வரை மறைப்பது வேலைக்கும் கேடாக முடியும்.

இவற்றை அறிந்த பின்னர் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. இக்கடனில் ஒரு ரூபாயும் என்னுடையதன்று. சட்டப்படி நான் விலகி நிற்கலாம். நான் இதில் கை வைப்பதானால், கடமையால் அன்று, விருப்பத்தால் வைக்கிறேன். விருப்பத்தால் கொடுப்பவர் நிபந்தனையும் கேட்கலாம்.

ஊரில் என் கணவருக்குப் பங்காக வந்த சிறு மனை ஒன்று உண்டு. அதனை விற்கலாம் என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அதையும் விற்றுவிட்டால் அந்த ஊரில் எனக்குப் பெயரே இல்லை” என்றார். கடல் கடந்து வாழ்பவர்க்கு அம்மனை வெறும் மண்ணன்று என்பது எனக்கும் தெரியும். அடகுக்குப் போகாமல் எஞ்சியிருந்தவற்றுள் எட்டுப் பவுனை விற்று மூன்று வட்டிக் கடனை அடைக்க நான் இசைந்தேன். அப்பொழுது பவுன் ஏறத்தாழ 38,000 ரூபாய் விற்றது. அதற்கு ஈடாக அவரிடம் கேட்டது ஒன்றே. “நகை என்னுடையது, சொல் உங்களுடையது. உங்கள் அண்ணனிடமும் தங்கையிடமும் நடந்ததை நீங்களே சொல்ல வேண்டும்” என்றேன்.

பதினொரு நாட்கள் தள்ளிப்போட்டார். பன்னிரண்டாம் நாள் மாலை, வீட்டிலிருந்து பேச நாணி, மெரினா பூங்காவுக்குச் சென்று, கடலைப் பார்த்தவாறு அமர்ந்து பேசினார். என் நாத்தனார் அழுதுகொண்டே சொன்ன சொல் எனக்கு மறக்கவில்லை: “அண்ணா, அவ்வளவு சீர் வேண்டும் என்று நான் கேட்கவில்லையே! முடியவில்லை என்று சொல்லியிருந்தால் பாதியில் முடித்திருப்போமே!” யாரும் கேளாத பெருமைக்காக மூன்று ஆண்டுகள் வட்டி கட்டியிருக்கிறோம். எல்லோரும் அவ்வளவு இனிமையாக நடந்துகொள்ளவில்லை. உறவினர் சிலர், எங்கே தம்மிடம் கைமாற்றுக் கேட்டுவிடுவோமோ என்று அஞ்சி ஓராண்டு வரை பேசவே இல்லை. அதனையும் பொறுத்துக்கொண்டோம். மைத்துனர் மட்டும் கடன் கொடுத்தவரிடம் நேரில் சென்று, கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் மெல்ல நினைவூட்டி, மூன்று இலட்சத்தைச் செலுத்திப் புரோநோட்டைத் திரும்பப் பெற்று வந்தார். பணம் கொடுப்பதோடு நில்லாமல் பத்திரத்தைத் திரும்பப் பெறுவது முக்கியம். பலர் இதில் ஏமாறுகின்றனர்.

செயலிக் கடனில், ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள் எவை என்று பார்த்து அவற்றைக் கட்டினோம். பதிவில்லாத ஒன்றின்மீது 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் முறையிட்டோம். கடன் வசூலிப்பவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. குடும்பத்தாரையும் நண்பரையும் இழிவுபடுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. இதனை எடுத்துச் சொன்னதும் ஏச்சு நின்றது. வங்கிக் கிளைக்கு இருவரும் சென்று நிலைமையைச் சொல்லித் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்டோம். சொல்லாமல் தவணை தவறியவரைவிடச் சொல்லிவிட்டுக் காலம் கேட்பவரை எவரும் மதிப்பர்.

எஞ்சிய 8,40,000 ரூபாய்க்கும் வட்டிக்குமாக இருவர் வருவாயிலிருந்தும் மாதம் முப்பதாயிரம் ஒதுக்கினோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, உணவுக்குப் பின், அதே தாளை விரித்துக் கணக்குப் பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் மகனையும் உடன் உட்கார வைத்தோம். பிள்ளைகளுக்குக் கடனைக் காட்டலாமா என்றால், காட்டத்தான் வேண்டும். அளவோடு காட்ட வேண்டும். ஊருக்குப் போவதை இரண்டு ஆண்டுகள் நிறுத்தினோம். கோயில் வரிக்கு அவர் 501 ரூபாய் அனுப்பினார். ஒருவர், “என்ன, அந்தமான்காரர் இவ்வளவுதானா?” என்று கேட்டாராம். “இந்த ஆண்டு இவ்வளவுதான்” என்றாராம் இவர். வானம் இடிந்து விழவில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் கடைசித் தவணையைக் கட்டி, அடகு நகையையும் மீட்டுவிட்டோம். விற்ற எட்டுப் பவுன் வரவில்லை. அதன் மதிப்பை அவர் எனக்குத் தர வேண்டும் என்பது அத்தாளின் கடைசி வரியில் இன்னும் இருக்கிறது. மாதந்தோறும் சிறிது என் கணக்கில் இடுகிறார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ‘துண்டு’ என்னும் முறை இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்த கங்காணி, வழிச்செலவு, துணி, அரிசி எல்லாவற்றையும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏற்றிவிடுவார். அவன் வேறு தோட்டத்திற்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடன் தீர்த்தால் விடுவிக்கப்படுவான் என்று எழுதிய துண்டுச்சீட்டு வேண்டும். கணக்கு கங்காணியின் கையில். கடனோ தொழிலாளியின் தலையில். 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிரிமாவோ உடன்படிக்கைக்குப் பின்னர்த் தாயகம் திரும்பிய அத்தோட்ட மக்களுள் சில குடும்பங்களே நம் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறின. தன் கடன் எவ்வளவு என்று அறிய முடியாதவன் அடிமை என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமோ? அன்று கணக்கை மறைத்தவர் அயலார். இன்று நாமே நம் வீட்டாரிடம் மறைக்கிறோம்.

எல்லாக் கடனையும் இப்படித் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சூதினாலோ குடியினாலோ வளரும் கடனுக்கு மனைவி நகையை விற்றுக் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். அடித்தோ மிரட்டியோ கையெழுத்துக் கேட்டாலும், சீதனத்தைப் பறித்தாலும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதனைப் பொருளாதாரக் கொடுமை என்றே கொள்கிறது. 181 என்னும் மகளிர் உதவி எண் உண்டு. வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்னும் எண்ணில் கேட்கலாம். கடனுக்கு அஞ்சி உயிரை விட எண்ணுபவர் வீட்டில் இருந்தால், கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் 14416 என்னும் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தொகை எதுவாயினும் அதனைத் திரும்ப ஈட்டலாம்.

நம்பிக்கை முழுவதும் திரும்பிவிட்டதா என்று தோழியர் கேட்கின்றனர். உண்மையைச் சொல்வதானால், அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்றும் என் நெஞ்சு ஒருமுறை துணுக்குறுகிறது. அவரும் அதனை அறிவார். முன்பெல்லாம் நான் கேட்காமலேயே அவரை நம்பினேன். இப்பொழுது கேட்டு நம்புகிறேன். இரண்டாவது நம்பிக்கை முதலாவதைவிடக் குறைந்தது என்று நான் கருதவில்லை. அது கணக்கறிந்த நம்பிக்கை.

கடன் இருக்கும் வீட்டினர் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து, இருவரும் அமர்ந்து, இருப்பதை எல்லாம் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டும்போது ஒருவர் மனத்தில் எழுதாத தொகை ஒன்று இருக்கக்கூடும். அதனையும் எழுத ஒரு வரி இடம் விட்டு வையுங்கள். அவ்வரியை நிரப்புபவரை அன்று ஒருநாள் மட்டுமாவது கடிந்துகொள்ளாதீர்கள்.